ஏவலும் சாவியும்: தொலைக் கட்டளையின் வரலாறு

கைபேசி தன் வேலைகளைத் தானே செய்துகொள்வதும், வேறிடத்துக் கணினியிலிருந்து அதற்குக் கட்டளை அனுப்புவதும் இன்று புதுமையாகப் பேசப்பட்டாலும், இவ்விரண்டுக்கும் அடிப்படையான கருவிகள் கைபேசி என்ற பொருளே இல்லாத காலத்தில், ஒரே பெருங்கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்ள நேர்ந்தபோது உருவானவை. தமிழ் இலக்கணம் ஏவல் வினையை முன்னிலைக்கே உரியதாக வைத்திருக்கிறது. ஏவுபவரும் கேட்பவரும் எதிரெதிரே இருப்பார்கள் என்பது அதிலுள்ள எடுகோள். கணினியை ஏவுபவர் கண்ணுக்கெட்டாத தொலைவுக்குச் சென்றதும் இந்த எடுகோள் உடைந்து, ஏவுபவர் யார் என்று எதைக்கொண்டு அறிவது என்ற கேள்வி எழுந்தது. தொலைக் கட்டளையின் வரலாறு பெரும்பாலும் அக்கேள்விக்குத் தரப்பட்ட விடைகளின் வரலாறுதான்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1960-களின் முற்பகுதியில் இயங்கிய சி.டி.எஸ்.எஸ். என்னும் பகிர்வுக் கணினி அமைப்பில், ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டச்சு செய்யவேண்டிய கட்டளைகளைக் கோப்பில் எழுதிவைத்து ஒரே சொல்லால் ஓடவிடும் வசதியை, பிரெஞ்சுக்காரரான லூயி பூசான் 'ரன்காம்' என்ற பெயரில் உருவாக்கினார். இன்று 'ஸ்கிரிப்ட்' எனப்படுவதன் மூதாதை இதுவே. பயனரிடமிருந்து கட்டளையை வாங்கி இயங்குதளத்திடம் ஒப்படைக்கும் நிரலுக்கு 'ஷெல்', அதாவது ஓடு, என்று பெயரிட்டவரும் அவர்தான். லினக்ஸ் கணினிகளில் அமைப்புக் கோப்புகள் பலவற்றின் பெயர் இன்றும் 'ஆர்சி' என்று முடிவது அந்த ரன்காமின் எச்சம். 1979-இல் வெளிவந்த யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பில், குறித்த வேளை வந்ததும் ஆளில்லாமலே கட்டளையை ஓட்டும் 'கிரான்' என்ற நிரலும் இருந்ததால், தானியக்கத்துக்கு வேண்டியவை அனைத்தும் ஏறத்தாழ அப்போதே கைக்கு வந்துவிட்டன எனலாம்.

தொலைவு என்பதற்கான விடை இவ்வளவு நேர்த்தியாக அமையவில்லை. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் காலத்தில் 1969 முதலே உருப்பெற்றுவந்த 'டெல்நெட்' என்னும் முறை, பயனர் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும், கடவுச்சொல் உட்பட, மறைக்காமல் அப்படியே கம்பிவழி அனுப்பியது. 1983-இல் வெளிவந்த பெர்க்லி யுனிக்ஸின் 4.2 பதிப்பில் இடம்பெற்ற 'ஆர்லாகின்' முறை இன்னும் ஒரு படி மேலே போய், நம்பகமான கணினிகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, அவற்றிலிருந்து வருவோரிடம் கடவுச்சொல்லே கேட்காமல் உள்ளே விட்டது. வருபவர் பொய்யர் அல்லர் என்பதற்கு அது நாடிய சான்று விந்தையானது. கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் 'போர்ட்' எனப்படும் வாயில் எண் ஒன்று உண்டு. அவற்றுள் 1024-க்குக் கீழ்ப்பட்டவற்றை 'ரூட்' என்னும் தலைமைப் பயனர் மட்டுமே திறக்கலாம் என்பது பெர்க்லி வகுத்த விதி. ஆகவே அந்த எண்களிலிருந்து பேசுபவர் பொறுப்பான நிர்வாகியின் இசைவோடுதான் பேசுவார் என்று கொள்ளப்பட்டது. நிர்வாகிகள் எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்திருந்த சிற்றூரில் இது செல்லும். 1988 நவம்பர் 2-ஆம் நாள் ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் ஏவிய புழுநிரல், வேறு சில ஓட்டைகளோடு இந்த நம்பிக்கைப் பட்டியல்களையும் பயன்படுத்தி, கணினி விட்டுக் கணினி தாவியபோது அந்தச் சிற்றூர்க் காலம் முடிந்துவிட்டது.

ஆயினும் மாற்று வழி பிறக்க 1995 வரை ஆயிற்று. அவ்வாண்டு ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஒற்றுநிரல் ஒன்றை வைத்துக் கடவுச்சொற்களைத் திரட்டியது தெரியவந்ததும், அங்கிருந்த தாத்து யூலோனன் என்ற ஆய்வாளர், உரையாடல் முழுவதையும் மறைகுறியாக்கி அனுப்பும் 'செக்யூர் ஷெல்', சுருக்கமாக எஸ்.எஸ்.எச்., என்ற நிரலை எழுதி ஜூலை மாதம் வெளியிட்டார். கோப்பு அனுப்பும் எஃப்.டி.பி.யின் எண் 21, டெல்நெட்டின் எண் 23. இடையில் 22 காலியாக இருக்கக் கண்ட அவர் எண்களை ஒதுக்கும் அமைப்புக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்க, மறுநாளே அது கிடைத்துவிட்டது. எஸ்.எஸ்.எச். தரும் உறுதியான விடை கடவுச்சொல்லில் இல்லை. ஒன்றோடொன்று கணிதத்தால் பிணைந்த இரு சாவிகளில் இருக்கிறது. பொதுச்சாவியைத் தொலைக் கணினியில் முன்னரே பதிந்துவைத்தால், தனிச்சாவி உள்ளவர் அதைக்கொண்டு அந்த ஒரு இணைப்புக்கு மட்டுமே பொருந்தும் கையொப்பம் ஒன்றை இட்டுத் தம்மை மெய்ப்பிக்கிறார். தனிச்சாவி அவருடைய கருவியை விட்டு நகர்வதேயில்லை. 1999-இல் ஓபன்-பி.எஸ்.டி. இயங்குதளக் குழுவினர் வெளியிட்ட 'ஓபன் எஸ்.எஸ்.எச்.' என்ற கட்டற்ற வடிவமே பின்னர் எங்கும் பரவியது.

கைபேசி உலகம் இந்தப் பாடங்களையெல்லாம் மீண்டும் முதலிலிருந்து படித்தது. 2008 அக்டோபரில் விற்பனைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டு கைபேசியான ஜி1-இன் தொடக்கப் பதிப்பில், விசைப்பலகையில் தட்டுவதெல்லாம் பயனர் அறியாமலே ரூட் உரிமையுள்ள ஷெல் ஒன்றுக்கும் சென்றுகொண்டிருந்ததால், நண்பருக்கு எழுதும் செய்தியில் 'ரீபூட்' என்று தனியே தட்டி என்டர் விசையை அழுத்தினாலே கருவி அணைந்து மீண்டும் தொடங்கியது. ஆர்வலர்கள் இதே ஓட்டையில் டெல்நெட் சேவையைத் தொடங்கிக் கருவி முழுவதையும் தம் வசப்படுத்தினார்கள். கூகுள் அதை விரைவில் அடைத்தது. மறு ஆண்டு நவம்பரில் ஐபோனின் முறை வந்தது. 'ஜெயில்பிரேக்' செய்து, அதாவது தயாரிப்பாளர் இட்ட கட்டுகளை அறுத்து, எஸ்.எஸ்.எச். நிறுவிக்கொண்டவர்களில் பலர் எல்லா ஐபோன்களுக்கும் பொதுவாக இருந்த 'ஆல்பைன்' என்ற ரூட் கடவுச்சொல்லை மாற்றவேயில்லை. ஆஸ்திரேலியாவில் கிளம்பிய 'ஐகீ' என்ற புழு அவ்வழியே நுழைந்து, திரையில் ரிக் ஆஸ்ட்லி என்ற பாடகரின் படத்தை மாட்டிவிட்டுச் சென்றது. சாவிமுறையை வழங்கும் நிரலை நிறுவிவிட்டு ஊரறிந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டுவைத்தது, இரும்புக் கதவைப் போட்டுவிட்டுச் சாவியை நிலைப்படியின் மேல் வைப்பதற்கு நிகர்.

முறையான தானியக்கம் வேறு பாதையில் வந்தது. இன்ன நிலை ஏற்பட்டால் இன்னதைச் செய் என்று விதி எழுத உதவும் 'டாஸ்கர்' 2010-இல் ஆண்ட்ராய்டுக்கு வந்தது. ஆப்பிள் 2017-இல் 'வொர்க்ஃபுளோ' என்ற செயலியை வாங்கி மறு ஆண்டு 'ஷார்ட்கட்ஸ்' என வெளியிட்டது. எஸ்.எஸ்.எச். வழியே தொலைக் கணினியில் ஸ்கிரிப்டை ஓட்டும் செயலும் அதில் உண்டு என்பதால் அங்கே கைபேசி ஏவும் இடத்தில் நிற்கிறது. ஏவப்படும் இடத்தில் அதை நிறுத்தியது, 2015-இல் வெளிவந்த 'டெர்மக்ஸ்'. ரூட் உரிமை இல்லாத சாதாரண ஆண்ட்ராய்டு கைபேசியிலும் ஷெல்லையும் ஓபன் எஸ்.எஸ்.எச்.-ஐயும் தரும் இச்செயலியை, அதன் துணைச் செயலியோடு நிறுவிவிட்டால், மேசைக் கணினியிலிருந்தே அலமாரியில் கிடக்கும் பழைய கைபேசிக்குள் நுழைந்து, பேட்டரியில் எவ்வளவு மீதி என்று கேட்கவோ குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லவோ முடியும்.

ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலியையும் யுனிக்ஸ் மரபின் தனித்தனிப் பயனராகவே நடத்துகிறது. கருவியை விலைகொடுத்து வாங்கியவருக்கும் அந்த அமைப்பில் வழக்கமாக ரூட் உரிமை கிடையாது. ஆர்லாகின் வழக்கொழிந்தும், அது நம்பியிருந்த 1024 விதி ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் வழியே கைபேசிக்குள்ளும் வந்து சேர்ந்திருக்கிறது. அதனால் டெர்மக்ஸில் இயங்கும் எஸ்.எஸ்.எச். சேவை யூலோனன் கேட்டுப் பெற்ற 22-ஐத் திறக்க முடியாமல், 8022 என்ற எண்ணில் காத்திருக்கிறது.