மண்ணெண்ணெயில் ஓடிய மகிழுந்துகள்

இங்கிலாந்தின் லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் உருவான ஆஸ்டின் ஏ-40 வகை மகிழுந்துகளுள் டெவன் 1947-இலும் சோமர்செட் 1952-இலும் வெளிவந்தன. பிறந்த நாட்டிலேயே அவை அரும்பொருளாகிவிட்ட பிறகும், யாழ்ப்பாணத்தார் அவற்றில்தான் மணமக்களை அழைத்து வந்தனர். நோயாளரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர்.

1960-களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை அரசு மகிழுந்து இறக்குமதியைப் பெரிதும் முடக்கியது. 1977-இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை புதுவண்டி என்பது பெரும்பாலோர்க்குக் கனவே. ஆகவே, இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. வாங்க வந்தவர் இலக்கத் தகட்டை நோக்கியே வண்டியின் வயதை ஒருவாறு அறியலாம். ஆங்கில எழுத்துகள் பொறித்தவை பழையவை. 1950-களின் பிற்பகுதி முதல் பதிவானவை சிங்கள ‘ஸ்ரீ’யைத் தாங்கின. அந்த எழுத்தை எதிர்த்துத் தமிழர் 1958-இல் கிளர்ந்தெழுந்ததையும் அதன் விளைவுகளையும் வரலாறு அறியும். ஒரு சிறு தகட்டுக்குள் எவ்வளவு அரசியல்!

1990 ஜூன் திங்களில் போர் மீண்டும் மூண்டதும் வடபகுதிக்குப் பெட்ரோல் செல்வது தடைப்பட்டது. அப்போதுதான் கிழவண்டிகளின் அருமை புலப்பட்டது. புதிய பொறிகள் எரிகலவையை மிகுதியாக அழுத்துவன. மண்ணெண்ணெயை ஊற்றினால் அவை இடித்து முரண்டுபிடிக்கும். ஏ-40-இன் 1200 சி.சி. பொறியோ ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காக மட்டுமே அழுத்துவது. எனவே தரங்குறைந்த எரிபொருளையும் அது பொறுத்துக்கொண்டது. ஆனால், குளிர்ந்த பொறியில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் ஓட்டுநர் சிறு புட்டியில் மருந்துபோற் காத்த பெட்ரோலில் சில துளிகளைக் கார்புரேட்டரில் விட்டுப் பொறியைக் கிளப்புவார். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். பெர்குசன் உழவு இயந்திரங்களிலும் முன்பு கையாண்ட முறையே இது. புதுமை முறையில் இல்லை, தேவையில் இருந்தது.

இதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. தெருவெங்கும் புகையும் நெடியும் பரவின. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்தது. தீப்பொறிச் செருகிகளிற் கரி படிந்தது. உதிரிப்பாகமும் எளிதிற் கிட்டாத அந்நாளில், வண்டியை ஓடவைத்தது உண்மையில் பட்டறைத் தொழிலாளரின் கைவண்ணமே. 

1995 அக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலம் வழியே தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். பெரும்பாலோர் நடந்தும் மிதிவண்டியை உருட்டியும் சென்ற அந்நெடுவழியில், முதியோரை ஏற்றிச்செல்ல ஒரு வண்டி வாய்த்தோர் மிகச் சிலரே.

1996-இல் குடாநாடு படையினர் வசமான பின் எரிபொருள் கப்பல்வழி வந்தது. 2002 ஏப்ரலில் ஏ-9 நெடுஞ்சாலை திறந்ததும் தெற்கிலிருந்து ஜப்பானிய வண்டிகள் பெருகின. பழைய ஏ-40-கள் சில அதன் பின்னரும் யாழ் நகரத்து வாடகை வண்டித் தரிப்பிடத்தில் பயணியரை எதிர்நோக்கி நின்றன.