கணக்கில் வராத கை

ஸ்தனப் புற்றுக்குச் செய்யப்படும் ரண சிகிச்சையின் சரித்திரம், கத்தியைப் பிடித்த நிபுணர்களின் பெயர்களாலும், நோய் திரும்பி வந்தவர் இத்தனை பேர், வராதவர் இத்தனை பேர் என்னும் தொகைகளாலுமே பெரும்பாலும் நிரம்பியிருக்கிறது. நோய் நீங்கி வீடு திரும்பிய ஸ்திரீகள், தோளுக்குமேல் உயராமலும், உட்புறம் மரத்துப்போயும், வெளிக்காரணம் ஏதுமின்றி எரிந்தும் கடுத்தும் வந்த ஒரு கையோடு எவ்வாறு காலந்தள்ளினார்கள் என்னும் விஷயம் அதில் வெகுகாலம் இடம்பெறவேயில்லை.

1894-ஆம் வருஷம், அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த வில்லியம் ஹால்ஸ்டெட், தாம் சிகிச்சை செய்த 50 பேரின் விருத்தாந்தத்தை வெளியிட்டார். மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள பெருந்தசையையும், அக்குளில் நிறைந்திருக்கும் கொழுப்பையும் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து ஒரே பிண்டமாக அகழ்ந்தெடுப்பது அவருடைய முறை. ஐரோப்பாவின் பெயர்பெற்ற வைத்தியர்களிடம் சென்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அறுத்த இடத்திலேயே புற்று மீண்டும் தலைகாட்டிக்கொண்டிருந்த அக்காலத்தில், அவரிடம் அவ்விதம் திரும்பியது மூவருக்கே என்றால், அம்முறை அமெரிக்காவில் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் தலைமை பெற்றிருந்ததில் வியப்பில்லை.

கைக்கு நேரும் குறையை ஹால்ஸ்டெட் அறியாதவரல்லர். ஆயினும் உயிருக்கு முன் அது அற்பம் என்றும், நோயாளிகளின் சராசரி வயது ஏறக்குறைய 55 ஆகையால் அவர்கள் சுறுசுறுப்பாக உழைக்கும் பருவத்தைக் கடந்தவர்கள் என்றும் அவர் நியாயம் கூறினார். தலை வாருவதற்கும், உயரத்துப் பாத்திரத்தை எடுப்பதற்கும், பேரக் குழந்தையைத் தூக்குவதற்கும் அந்த வயதிலும் கை வேண்டியிருந்தது என்பது அவருடைய நியாயத்தில் சேரவில்லை.

கையின் மரப்புக்கும் எரிச்சலுக்கும் காரணம் அக்குளில் இருக்கிறது. இரண்டாம் விலா எலும்பின் கீழிருந்து புறப்பட்டு அக்குளைக் குறுக்கே கடந்து மேற்கையின் உட்புறத் தோலுக்குச் செல்லும் ஒரு மெல்லிய நரம்பு, கணுக்கள் பொதிந்த கொழுப்பினூடே ஓடுவதால், கொழுப்பை எடுக்கும்போது அதுவும் அறுபடுவது வழக்கமாயிருந்தது. அது தசையை இயக்கும் நரம்பன்று. ஸ்பரிசத்தை அறிவிக்கும் நரம்பு மட்டுமே. ஆகவே பார்ப்பவர் கண்ணுக்குக் கையில் குறையொன்றும் புலப்படாதிருக்க, அதை உடையவளுக்கோ உட்புறம் மதமதவென்று மரத்தும், ஊசி குத்துவதுபோலச் சுருக்கென்றும் இருக்கும். சிலருக்கு அது நாளடைவில் குறைவதும், சிலருக்கு ஆயுள் முழுதும் நிற்பதும் உண்டு. நிணநீர் செல்லும் வழிகள் அறுபட்டவர்களுக்குக் கை வீங்குவதும் உண்டு. அவ்வீக்கத்தை யானைக்கால் நோய்க்கு ஒப்பிட்டு ஹால்ஸ்டெட்டே 1921-இல், தாம் இறப்பதற்கு முந்தைய வருஷத்தில், தனிக் கட்டுரை ஒன்று எழுதினார்.

வைத்தியர்கள் ஓரமாக ஒதுக்கிய இந்த அவயவத்தை முன்னே கொண்டுவந்தவர் ஒரு நோயாளி. வருமான வரிக் கணக்கு நூல்களால் புகழ்பெற்ற ஜே. கே. லாசரின் மனைவியான டெரீஸ் லாசர், 1952-இல் நியூயார்க்கில் இச்சிகிச்சைக்கு உட்பட்டபின், இனிக் கையை எப்படி உயர்த்துவது, எந்த உடையை எப்படி அணிவது என்பவற்றைச் சொல்லித்தருவார் எவருமில்லை என்பதைக் கண்டார். சுவரில் விரல்களை ஊன்றிப் படிப்படியாக மேலே ஏற்றுவது, கதவின்மேல் போட்ட கயிற்றை இரு கைகளாலும் மாறிமாறி இழுப்பது, ரப்பர் பந்தை அழுத்தி விடுவது ஆகிய எளிய அப்பியாசங்களைத் தாமே பழகியும் பிறருக்குப் பழக்கியும், படுக்கை படுக்கையாகச் சென்று அவர் தொடங்கிய தொண்டினைச் சில வைத்தியர்கள் விரும்பவில்லை. ஆயினும் அது பரவியது; 1969-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அதைத் தன் பணியாகவே ஏற்றுக்கொண்டது. அறுந்த நரம்பை அப்பியாசம் இணைத்துவிடாதென்றாலும், இறுகிப்போன தோளை அது இளக்கியது. அதைக் கற்றுத்தந்தவர் அதே துன்பத்தைத் தாமும் பட்டவர் என்பது கற்பவர்களுக்குத் தைரியத்தையும் தந்தது.

இவ்வளவு அகழ்வது அவசியந்தானா என்னும் கேள்வி அதன்பின் வலுத்தது. 1971-இல் ரண வைத்தியர் பெர்னார்டு ஃபிஷர் தொடங்கிய பரிசோதனையில், அக்குளில் கணு தட்டுப்படாதவர்களுள், ஹால்ஸ்டெட் முறைப்படி அனைத்தையும் எடுத்தவர்களும், மார்பகத்தை மட்டும் எடுத்து அக்குளை விட்டவர்களும் உயிர்வாழ்ந்த காலத்தில் கருதத்தக்க பேதமில்லை என்பது தெரியவந்தது. 1990-களில், புற்று முதலில் சென்று சேரக்கூடிய ஓரிரு கணுக்களைச் சாயத்தாலோ கதிரியக்கப் பொருளாலோ அடையாளங்கண்டு அவற்றை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறை வந்தது. பிரிட்டனில் 1,031 பேரைக்கொண்டு நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு வருஷத்துக்குப்பின் கையில் உணர்ச்சி குன்றியிருந்தவர் அக்குளுக்கு அதுவரை வழக்கமாயிருந்த சிகிச்சையில் 100-க்கு 31 பேர், புதிய முறையில் 11 பேர். வீக்கமுற்றவர் முறையே 13 பேர், 5 பேர்.

இத்தொகைகளைக்காட்டிலும் முக்கியமானது, அவ்வாராய்ச்சி எதை அளப்பதற்கென்று ஏற்பட்டதோ அந்த நோக்கமே. கையும் தோளும் படும் துன்பம், சிகிச்சை பெற்றவரின் வாழ்க்கை நலம் ஆகியவற்றையே அது பிரதான வினாக்களாக வைத்துக்கொண்டது. உயிரைக் காப்பதே வைத்தியத்தின் முதற்கடமை என்பதில் ஹால்ஸ்டெட்டோடு எவரும் மாறுபடார். காத்த உயிர் எந்தக் கையைக்கொண்டு வாழப்போகிறது என்று கேட்பதும் அக்கடமையிலே அடங்கும் என்பதை அவருடைய துறை ஒப்புக்கொள்வதற்குத்தான் நூறாண்டுக்கு மேலாயிற்று.