சாக்பீஸுக்குச் சிக்காத கிருமி

நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு. 1892-லிருந்து கப்பலில் வந்து இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இதைத் தாண்டித்தான் அமெரிக்காவுக்குள் போனார்கள். டாக்டர்கள் காத்திருப்பார்கள். மூச்சு வாங்குகிறதா? இருமுகிறானா? சந்தேகம் வந்தால் சட்டையில் சாக்பீஸால் ஓர் எழுத்து. அவ்வளவுதான், ஆளை ஓரம் கட்டிவிடுவார்கள். 1907-ல் சட்டமே போட்டார்கள்: காசநோய் இருந்தால் அனுமதி கிடையாது.

பலே ஏற்பாடு என்று தோன்றுகிறதா? கிருமி அதைவிடப் பலே ஆசாமி. உள்ளே புகுந்த கையோடு எல்லோரையும் அது படுக்கையில் தள்ளுவதில்லை. பெரும்பாலும் தூங்கும். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, அடுத்தவருக்குத் தொற்றவும் தொற்றாது. ஆனால், இப்படிக் கிருமியைச் சுமப்பவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு என்றாவது ஒருநாள் அது விழித்துக்கொள்ளும். பிரிட்டனும் ஹீத்ரூ விமான நிலையத்தில் பல வருடம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தது. குடியேறிகள் பலருக்கு நோய் வந்ததோ, இறங்கிச் சில வருடங்கள் கழித்து!

அப்படியானால் தூங்கும்போதே தீர்த்துக்கட்ட வேண்டும். முடியுமா? முடியும் என்று காட்டியது அலாஸ்கா. அங்கே பழங்குடி மக்களைக் காசநோய் வாரிக்கொண்டு போனது. 1957-ல் ஜார்ஜ் காம்ஸ்டாக் என்ற டாக்டர், பெத்தல் வட்டாரக் கிராமங்களில் ஐசோனியாசிட் மாத்திரையை வீடு வீடாகக் கொடுத்துப் பார்த்தார். நோயே இல்லாதவன் எதற்கய்யா மருந்து சாப்பிட வேண்டும்? நியாயமான கேள்வி. காம்ஸ்டாக் பிரசங்கம் செய்யவில்லை. தன் குடும்பத்தோடு தானும் அதே மாத்திரையை விழுங்கினார். சாப்பிட்டவர்களிடம் காசநோய் சுமார் 70 சதவீதம் குறைந்தது.

2015-ல் இங்கிலாந்து இந்த வழிக்கு வந்தது. இந்தியா போன்ற நாடுகளிலிருந்து புதிதாக வந்த, 16 முதல் 35 வயதுக்காரர்களுக்கு ரத்தப் பரிசோதனை. கிருமி தூங்குகிறது என்று தெரிந்தால் பெரும்பாலும் இரண்டு மருந்துகள், மூன்று மாதம். கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்துகள் என்பதால் கண்காணிப்பும் உண்டு.

கஷ்டம் மருந்தில் இல்லை. ஊர் விட்டு ஊர் வந்தவர் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு கடிதம் வருகிறது: ‘ரத்தம் கொடுக்க வாருங்கள்.’ ஏதாவது தெரிந்தால் விசா போய்விடுமோ? வேலை போய்விடுமோ? போகாது. ஆனால், அதை நம்ப வேண்டுமே! வாசலில் வைத்து நூறு வருடம் சந்தேகப்பட்டுவிட்டு, உள்ளே வந்ததும் ‘எங்களை நம்புங்கள்’ என்றால் எப்படி?

சாக்பீஸ் இருந்தால் நோயாளியை ஒதுக்கிவிடலாம். தூங்கும் கிருமியைப் பிடிக்க, அதைச் சுமப்பவரின் நம்பிக்கை வேண்டும். அது காம்ஸ்டாக்குக்குத் தெரிந்திருந்தது.