விசுவநாததாஸின் நாடகங்களை நடத்தியது யார்?

சிவகாசியில் 1886இல் பிறந்து, 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர்விட்டவர் தியாகி எஸ்.எஸ். விசுவநாததாஸ். அவர் மேடையில் பாடிய தேசபக்திப் பாட்டும் அதற்காகப் போன சிறையும் ஓரளவு எழுதப்பட்டுவிட்டன. சு. தியடோர் பாஸ்கரன் 1981இலேயே ஆங்கிலத்தில் அந்த வரலாற்றுக்கு வழி திறந்தார். நான் தேடியது வேறொன்றை. அந்த நாடகங்களை நடத்தியது யார்? எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, எந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு ஊர்ச்சங்கதி பேசுவது என்று முடிவு செய்த மனிதர் யார்?

இதற்கு முதல் சாட்சி நாடக நோட்டீஸ். ஊர், தேதி, நாடகத்தின் பெயர், ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என எல்லாப் பெயரும் அதில் இருக்கும். நடத்தியவர் பெயர் மட்டும் இருக்காது. அச்சடித்தவர்கள் மறந்து விட்டுவிட்ட பெயரல்ல அது. ஸ்பெஷல் நாடகம் என்ற முறையே அப்படி. நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள். முருகன் திருமங்கலத்திலிருந்து வருவார், வள்ளி மதுரையிலிருந்து, பபூன் புதுக்கோட்டையிலிருந்து. ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்கு மேல் மேடையில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள்; விடியும்வரை ஆட்டம் குலையாமல் போகும்.

குலையாமல் போவதற்குக் காரணம் தேடினால் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளிடம் போய் நிற்போம். 1867இல் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். எமன், சனீஸ்வரன் போன்ற வேடங்களில் கொடிகட்டிப் பறந்தவர். அப்படி ஒரு வேடத்தைக் கண்டு அதிர்ந்த ஒரு கர்ப்பிணியின் கரு கலைந்ததாகவும், அதன்பின் அரிதாரம் பூசுவதையே விட்டு வாத்தியாராகிவிட்டதாகவும் நாடக உலகில் சொல்வார்கள். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்களாகச் சேர்ந்தவர்கள்தான் டி.கே.எஸ். சகோதரர்கள். வாத்தியார் எப்படிச் சொல்லிக் கொடுத்தார் என்பதற்கு அவர்களுள் ஒருவரான டி.கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை'யைவிட நல்ல ஆவணம் நமக்கில்லை. பாட்டு, வசனம், தர்க்கம், தாளம் எல்லாம் பையன்களுக்கு மனப்பாடம். கம்பெனிகள் கலைந்தாலும் மனப்பாடம் கலையவில்லை. ஒரே பாடத்தைச் சுமந்த நடிகர்கள் எங்கே சந்தித்தாலும் 'வள்ளி திருமணம்' நடந்துவிடும். சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் மறைந்த பின்னும், மேடையில் அவர் கைதான் அசைந்துகொண்டிருந்தது என்றே சொல்வேன்.

ஆனால் விசுவநாததாஸைச் சிறைக்கு அனுப்பிய பாட்டுகள் சுவாமிகளின் பாடத்தில் இல்லை. பிரதி ஒன்று, மேடை வேறொன்று. அப்படியானால் இடையில் இன்னொரு கை இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கையைப் பாட்டுப் புத்தகங்களில் பிடிக்கலாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இத்தகைய மலிவு விலைப் புத்தகங்கள் ஏராளம். கோட்டையூரில் முத்தையா செட்டியார் இவற்றை ஒரு பொருட்டாக மதித்துச் சேர்த்திராவிட்டால் தமிழ் நாடக வரலாற்றில் பாதி இன்று இருந்திருக்காது. அந்தப் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும் பெயர் மதுரகவி பாஸ்கரதாஸ். வெள்ளைச்சாமி என்பது இயற்பெயர். முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) படத்துக்குப் பாட்டெழுதியவர். 1917 முதல் அவர் எழுதிவந்த நாட்குறிப்புகளைப் பேரன் ச. முருகபூபதி தொகுத்து நூலாக்கியிருக்கிறார். நாடகக்காரர்கள் எழுத்தில் தடம் வைக்காதவர்கள் என்ற பேச்சை அந்த ஒரு நூலே உடைத்துவிடுகிறது.

அரசு விதித்த தடைகளும் பாட்டுப் புத்தகங்கள் மீதே விழுந்தன. தடையாணையில் எழுதியவர் பெயர் இருக்கும், அச்சகத்தின் பெயர் இருக்கும். அச்சேறியதைத்தான் ஆணையால் பிடிக்க முடியும். மேடையில் பாடியதைப் பிடிக்கப் பாடியவரையே பிடிக்க வேண்டும். 1876இலேயே அரசின்மீது வெறுப்பைத் தூண்டும் நாடகத்தைத் தடைசெய்யும் சட்டம் இங்கே வந்தது. அச்சட்டம் 'வள்ளி திருமண'த்தை என்ன செய்ய முடியும்? முருகன் வள்ளியை மணப்பதில் ராஜத் துரோகம் ஏது?

இங்கேதான் விடை கிடைத்தது. தினைப்புனத்தில் வள்ளி பறவைகளை விரட்டும் காட்சி சுவாமிகளுடையது. வெள்ளைக் கொக்கை வெள்ளைக்காரனாக்கிய பாட்டு பாஸ்கரதாஸுடையது. அந்தப் பாட்டை அந்தக் காட்சிக்குள் கொண்டுபோய் வைத்தது மேடையில் நின்றவரின் முடிவு. புராணக் காட்சி அப்படியே இருக்க, அதன் பொருள் மட்டும் தலைகீழாகிவிடுகிறது. பறவை விரட்டுகிற இடத்தில் பறவைப் பாட்டு வருவதை யார் குறை சொல்வது? கூட்டத்துக்கும் விளக்க வேண்டியதில்லை. பிரதியில் ஒரு சொல் மாற்றாமல் நாடகத்தையே மாற்றிவிடும் இந்த வேலையை நாடக இயக்கம் என்றல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? நோட்டீஸில் ராஜபார்ட் என்று இருக்கும் பெயர்தான் நான் தேடிய பெயர். அவரை நல்ல குரல் வாய்த்த தேசபக்தர் என்று மட்டும் எழுதிச் செல்வது அநியாயம்.

இயக்குபவருக்கு உள்ள ஓர் அதிகாரம் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. உடன் நடிப்பவரைத் தேர்ந்துகொள்ளும் அதிகாரம். அவர் மருத்துவர் குலத்தில், நாவிதர் என்று ஊர் ஒதுக்கிய சாதியில் பிறந்தவர். அதைச் சொல்லியே அவருடன் ஜோடி சேர நடிகைகள் மறுத்தார்கள். சிவகாசியில் கோயில் நுழைவுப் பகையை ஒட்டி 1899இல் கலவரம் வெடித்தபோது அவருக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது. சாதி எங்கே கோடு கிழிக்கும் என்பதை மேடைக்கு வந்துதான் அவர் கற்றிருக்க வேண்டியதில்லை. மறுப்புகளுக்கு நடுவே அவருடன் நடிக்க முன்வந்தவர் கே.பி. ஜானகியம்மாள். பின்னாளில் மதுரையின் பெரும் கம்யூனிஸ்ட் தலைவராக நாம் அறிந்த அதே ஜானகியம்மாள். அவருடைய அரசியல் இந்த மேடையில்தான் தொடங்குகிறது என்பது என் கணிப்பு.

ஒப்பிட்டுப் பாருங்கள்: சென்னையில் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் ஒரு வக்கீல். தம் மேடை நினைவுகளைத் தாமே விரிவாக எழுதிவைத்தார். அதனால் அவரை இயக்குநராக நிறுவ யாரும் துப்பறிய வேண்டியதில்லை. கடனோடும் வழக்கோடும் ஊர் ஊராகப் போன விசுவநாததாஸுக்கு அந்த வசதி ஏது? திருமங்கலத்தில் அவருக்கு அரசு நினைவு இல்லம் இருக்கிறது.

இனி தேட வேண்டிய சாட்சி ஆர்மோனியக்காரர்கள். பின்பாட்டுப் பாடி இரவு முழுவதும் நாடகத்தைத் தாங்கியவர்கள் அவர்கள்தான். எந்த இடத்தில் எந்தப் பாட்டு விழுந்தது என்பது அவர்களுடைய நோட்டுகளில் இருக்கும். சாத்தூர், சிவகாசி, விருதுநகர், திருமங்கலம் பக்கம் தாத்தாவின் பாட்டு நோட்டோ பழைய நாடக நோட்டீஸோ பரணில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு நூலகத்தில் சேருங்கள். குறைந்தது பக்கம் பக்கமாகப் படமாவது எடுத்து வையுங்கள்.