நெட்புக்: ஒரு பெயரின் வழக்கு

கம்பெனிப் பெயர் பொதுப்பெயராவது நமக்குப் பழகிய சங்கதி. எந்த வனஸ்பதியும் டால்டா, எந்த நகலும் ஜெராக்ஸ், மண் அள்ளும் மஞ்சள் வண்டியை யார் செய்தாலும் ஜேசிபி. அந்தப் பெயர்களைப் பொதுவாக்கியது ஜனங்களின் வாய். 'நெட்புக்' அப்படிப் பொதுவானதல்ல. ஒருவர் பதிவு செய்து வைத்திருந்த பெயரை இன்னொரு பெரிய கம்பெனி எடுத்து ஊருக்கெல்லாம் கொடுத்தது.

சொல்லின் பின்பாதிக்கு வயது அதிகம். 1972இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் (அதே ஜெராக்ஸ்தான்) இருந்த ஆலன் கே, குழந்தைகள் கையில் ஏந்தக்கூடிய ஒரு கணினியைக் கற்பனை செய்து அதற்கு 'டைனாபுக்' என்று பெயர் வைத்தார். 1989இல் தோஷிபா அந்தப் பெயரையே தன் மடிக்கணினிக்குச் சூட்டியது. 1991இல் ஆப்பிள் 'பவர்புக்' கொண்டுவந்தது. 'புக்' என்றால் மடக்கி எடுத்துப் போகும் கணினி என்பது அதற்குள் நிலைத்துவிட்டது.

முன்னால் 'நெட்' சேர்த்தது சையான் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். கையடக்க 'ஆர்கனைசர்' கருவிகளை 1984 முதலே விற்றுவந்த கம்பெனி அது. 1999இல் அவர்கள் வெளியிட்ட நெட்புக்கில் ஹார்டு டிஸ்க் கிடையாது. பொத்தானை அழுத்தியதும் விழித்துக்கொள்ளும். உள்ளே 190 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் சிப். ஆர்ம் வடிவமைப்பில் டிஜிட்டல் எக்விப்மென்ட் உருவாக்கிய அந்தச் சிப்பு வரிசை, ஒரு வழக்குச் சமரசத்தில் கைமாறி அப்போது இன்டெலிடம் இருந்தது. இதை நினைவில் வையுங்கள். 2000இல் அமெரிக்காவில் பெயரும் பதிவானது. பிறகு சில ஆண்டுகளில் கருவியின் விற்பனை ஓய்ந்தது. பதிவு மட்டும் தங்கியது.

இதற்கிடையில் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005இல் டாவோஸில் நூறு டாலர் லேப்டாப் பற்றிப் பேசினார். ஏழைக் குழந்தைகளுக்கான அந்தக் கணினிக்குள் கடைசியில் போனது ஏஎம்டி சிப். 2007இல் தைவானின் ஏசஸ், 7 அங்குலத் திரையும் 4 ஜிபி ஃபிளாஷ் நினைவகமும் லினக்ஸும் கொண்ட ஈ பிசியை விற்கத் தொடங்கியது. ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை. குழந்தைகளுக்கு என்று எண்ணிய சின்னக் கணினியைப் பெரியவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

இதற்கெல்லாம் பொதுப்பெயர் இல்லை. மைக்ரோசாஃப்ட் வைத்திருந்த பெயரோ 'மிகக் குறைந்த விலைக் கணினி'. அப்படிச் சொல்லி எந்தக் கடைக்காரர் விற்பார்? 2008இல் ஆட்டம் சிப்பை அறிமுகப்படுத்திய இன்டெல், கூடவே 'நெட்புக்' என்ற சொல்லையும் இறக்கிவிட்டது. நெட்புக்குகளில் அதிகம் ஓடிய ஆட்டம் என்270க்கு 2.5 வாட் போதும். அப்போதைய வழக்கமான லேப்டாப் சிப்புக்கு 25, 35 வாட் வேண்டும். கூடவே வந்த பழைய சிப்செட் ஆட்டத்தைவிட அதிக மின்சாரம் குடித்தது என்பதை விளம்பரங்கள் சொல்லவில்லை.

அந்தப் பெயரில் வணிகக் கணக்கும் இருந்தது என்பது என் எண்ணம். இது லேப்டாப் அல்ல, இணையம் பார்க்க ஒரு கருவி என்று பெயரிலேயே தனியாகப் பிரித்துவிட்டால், விலையுயர்ந்த சிப்புகளின் சந்தை பாதுகாப்பாக இருக்கும். மைக்ரோசாஃப்டும் தன் பங்குக்கு, மலிவு விலை விண்டோஸ் எக்ஸ்பி வேண்டுமானால் திரையும் நினைவகமும் இந்த அளவைத் தாண்டக்கூடாது என்று வரம்பு கட்டியது. நெட்புக் வளராமல் போனதற்குப் பாதிக் காரணம் இந்த வேலிகள்தான்.

2008 டிசம்பரில் சையான் விழித்துக்கொண்டது. பெயரைப் பயன்படுத்திய கடைகளுக்கும் இணைய எழுத்தாளர்களுக்கும் வக்கீல் கடிதம் பறந்தது. 2009 பிப்ரவரியில் டெல் பதிவை ரத்து செய்யக் கேட்டது. இன்டெல் கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது. சையான் பெயரைக் கைவிட்டுவிட்டது, சொல் பொதுவாகிவிட்டது என்பது அவர்கள் வாதம். பொதுவாக்கியது யார் என்று சையான் கேட்டிருக்கலாம். பத்தாண்டு முன் அதே பெயருள்ள கருவிக்குச் சிப் விற்றவர்கள் அல்லவா எதிர்த்தரப்பு! தீர்ப்புவரை போகவில்லை. ஜூனில் சமரசமாகி, சையான் தன் பதிவுகளை விலக்கிக்கொண்டது.

அந்தச் சொல்லுக்கு அதன்பின் ஆயுள் அதிகமில்லை. 2010இல் ஐபேட் வந்தது. 2012 முடிவில் ஏசஸ் ஈ பிசியை நிறுத்தியது. மலிவான சின்னக் கணினியின் இடத்தைக் குரோம்புக் பிடித்தது. அந்தப் பெயர் கூகுளுக்குச் சொந்தம். ஆட்டம் வம்சத்துக் கோர்கள் 2023இல் வந்த 6 வாட் என்100 சிப்பில் இன்றும் ஓடுகின்றன, ஆட்டம் என்ற பெயர் இல்லாமல். 2011இல் மெலிந்த, விலை கூடிய மடிக்கணினிகளுக்கு 'அல்ட்ராபுக்' என்று பெயர் வைத்தபோது, இன்டெல் அதைத் தன் வணிகக்குறியாகவே பதிவு செய்துகொண்டது.