சேர்வராயன் மலையும் ஒரு கல்லறைக் கல்லும்

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் மனப்பாடம் செய்த அறிவியலில் இரண்டு வரிகள் லேசில் மறக்காது. ஒன்று, தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். இன்னொன்று, பாறைகள் மூன்று வகைப்படும்: அக்னிப் பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை. பரீட்சையில் இரண்டுக்கும் முழு மார்க் உண்டு. ஆனால் சேலம் பக்கத்துக் குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏற்காடு ஏறிப் போனால் இந்த இரண்டுமே கொஞ்சம் தடுமாறும்.

தண்ணீர் விஷயம் சுலபம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். மேலே போகப்போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலையும் இறங்குகிறது. அதனால் அங்கே உலை 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பது சீக்கிரம், பருப்பு வேகுவது தாமதம்! 19ஆம் நூற்றாண்டில் மலைகளை அளக்கப் போனவர்கள் இதையே தலைகீழாகப் பயன்படுத்தினார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து, வெப்பமானியைப் பார்த்து, தாங்கள் நிற்கும் உயரத்தைக் கணக்குப் போட்டார்கள். "கடல் மட்டத்தில்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் பாடப்புத்தக வரி பிழைத்துக்கொள்ளும்.

பாறை விஷயம் அப்படி இல்லை. அந்தக் கதை சேர்வராயனில் தொடங்கவில்லை, கல்கத்தாவில் தொடங்குகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் 1693இல் இறந்தார். கல்கத்தாவை நிறுவியவர் என்று ரொம்ப காலம் சொல்லிக்கொடுக்கப்பட்டவர் (2003இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அப்படிச் சொல்லக்கூடாது என்றுவிட்டது, அது தனிக் கதை). அவருடைய கல்லறை புனித ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அதன் மேல் லத்தீன் எழுத்துகள் பொறித்த கருமையான கல். வங்காளத்தின் வண்டல் மண்ணில் அப்படி ஒரு கல்லுக்கு எங்கே போவது? சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பக்கமிருந்து போன கல் அது.

இருநூறு வருடம் கழித்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லை ஆராய்ந்து 1893இல் எழுதினார். அப்போது அவருக்கு வயது 25கூட நிரம்பியிருக்குமா என்பது சந்தேகம்தான். குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் இருந்ததால் கிரானைட்டு மாதிரிதான் தெரிந்தது. ஆனால் கூடவே ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமமும் இருந்தது. சாதாரண கிரானைட்டில் அது கிடைக்காது. கல்லறைக்குரியவர் பெயரையே வைத்து "சார்னோக்கைட்டு" என்று அழைத்தார். நிலவியலுக்கும் சார்னாக்குக்கும் சம்பந்தமே இல்லை, பாறை மட்டும் அவர் பெயரில்! 1900இல் இந்தப் பாறைக் குடும்பம் முழுவதையும் பற்றி ஹாலண்ட் பெரிய அறிக்கை வெளியிட்டார். பல்லாவரத்துக் குன்றுகள் அதில் சின்னப் பிள்ளைகள். நீலகிரி, சேர்வராயன் போன்ற பெரிய மலைகளே பெரும்பாலும் இந்தப் பாறையால் ஆனவை.

சரி, இது மூன்றில் எந்த வகை? ஹாலண்ட் அக்னிப் பாறை என்றார், அதாவது பாறைக்குழம்பு ஆறி உறைந்தது. பின்னால் வந்தவர்கள் இல்லை, ஏற்கெனவே இருந்த பாறை பூமிக்கடியில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறியது என்றார்கள். சண்டை பல பத்தாண்டுகள் நீண்டது. 1960இல் மைசூர் நிலவியலாளர் பிச்சமுத்து கர்நாடகத்தின் கப்பல்துர்காவைப் பற்றி எழுதியது அதில் ஒரு திருப்பம். அங்கே வெளிர்நிற நைஸ் பாறைக்குள் திட்டுத்திட்டாகக் கருமை பரவியிருக்கிறது. ஒரே கல்லில் பாதி நைஸ், பாதி சார்னோக்கைட்டு! சமைத்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பை அணைத்த மாதிரி. நீராவி குறைந்து கரியமில வாயு மிகுந்த ஆவிகள் விரிசல் வழியே ஏறியதுதான் காரணம் என்று பிறகு பலர் விளக்கினார்கள்.

அப்படியானால் ஹாலண்ட் தோற்றாரா? அதுவும் இல்லை. சில இடங்களில் குழம்பிலிருந்து நேராக உறைந்த சார்னோக்கைட்டும் உண்டு என்பது இன்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒரே பெயர், இரண்டு பிறப்பு. மூன்று கட்டம் போட்ட அட்டவணையில் இதை எங்கே எழுதுவது?

சேர்வராயன் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். 700 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில், 20 கிலோமீட்டருக்கும் கீழான ஆழத்தில் வெந்தவை. மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போய், நிலமும் உயர்ந்து, இன்று அதன்மேல் காபியும் மிளகும் வளர்கின்றன. மலை உச்சிச் சமவெளிகளில் காலங்காலமாக மழை இந்தப் பாறையைக் கரைத்தது. சிலிக்கா வெளியேறி அலுமினியம் மிஞ்சிய இடங்கள் பாக்சைட்டு ஆயின. 1965இல் மேட்டூரில் உற்பத்தி தொடங்கிய மால்கோ அலுமினிய ஆலைக்கு ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் லாரி லாரியாகப் போனது அதுதான்.

பரங்கிமலைப் பாறையை நிலவியல் துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. அதே குடும்பத்துப் பாறைதான் கொட்டச்சேடு சுற்றுவட்டாரத்து மலையும். கையில் ஒரு லென்ஸ் இருந்தால் போதும். புதிதாக உடைந்த முகத்தில் எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பும் லேசான நீலச் சாயலும் தெரிந்தால், பெரும்பாலும் அது சார்னோக்கைட்டுதான்.