கிரவுன் பல்லும் நம்ம ஊர் ரோடும்

பழைய லாரியைப் பார்த்தா எல்லாரும் முகத்தைத்தான் பார்ப்பாங்க. நீட்டின மூக்கு, ரெண்டு பக்கமும் உருண்டை லைட்டு, முன்னாடி இருக்கிற சின்னம்... எனக்குக் கண்ணு நேரா பின்னாடி போகும். பின் ஆக்சிலுக்கு நடுவுல பூசணிக்காய் மாதிரி புடைச்சிருக்கே, அந்த ஹவுசிங்குக்குத்தான். உள்ள கிரவுன்னு ஒரு பெரிய பல்சக்கரம், பினியன்னு ஒரு சின்னது. அந்த ரெண்டுக்கும் எத்தனை பல்லுங்கிறதுலதான் அந்தக் காலத்து ரோட்டோட சரித்திரமே இருக்குன்னு நான் சொல்லுவேன். வண்டியை மறுபடி கட்டுறவங்க முதல்ல தூக்கிப் போடுறதும் அதைத்தான்!

இந்தப் பேச்சு இப்ப ஏன்னா, குமராட்சிப் பக்கம் ஒரு நண்பர், கொட்டகையில நின்னுக்கிட்டிருந்த ஒரு டாடா 1210-ஐ மறுபடி கட்டப் போறார். "எஞ்சின் பழசே இருக்கட்டும். கியர் பாக்ஸை மட்டும் ஆறு கியரா மாத்தி, கிரவுனையும் மாத்திட்டா ஜம்முனு ஓடும்"ங்கிறார். ஓடும்தான். ஆனா நிக்குமா?

முதல்ல கொஞ்சம் வரலாறு. 1948-ல ரகுநந்தன் சரண் ஆரம்பிச்ச அசோக் மோட்டார்ஸ், எண்ணூர்ல ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கிட்டிருந்தது. 1951-ல அங்கேயே லேலண்ட் காமெட் வந்தது. 1955-ல கம்பெனி பேரே அசோக் லேலண்ட் ஆச்சு. அந்தப் பக்கம் ஜாம்ஷெட்பூர்ல டெல்கோ 1954-ல பென்ஸோட கைகோத்தது. 1969-ல அந்த ஒப்பந்தம் முடிஞ்சு, மூக்குல இருந்த நட்சத்திரம் போய் டாடாவோட 'டி' வந்தது. 1210-னா 12 டன் மொத்த எடை, 100 குதிரை சக்திப் பக்கம் எஞ்சின்னு கணக்கு.

100 குதிரைக்கு 12 டன்! இன்னைக்கு ஒரு நல்ல காருக்கே 100 குதிரை இருக்கு. அவ்வளவு சின்ன எஞ்சினை வச்சு அவ்வளவு பெரிய சுமையை நகர்த்தணும்னா ஒரே வழி, பல்லைக் கூட்டிக் குறைச்சு இழுவையைப் பெருக்குறதுதான். வேகம் போகும், இழுவை வரும்.

வேகம் போனதைப் பத்தி அப்ப யாரும் கவலைப்படலை. 1939 மோட்டார் வாகனச் சட்டத்துப்படி பெர்மிட் வட்டாரத்துக்குள்ளதான். தேசிய பெர்மிட் வந்ததே 1975-லதான். ரோடு ஒத்தை ரோடு. எதிர்ல மாட்டு வண்டி, ஓரத்துல களம் மாதிரி காயப்போட்ட நெல்லு. தங்க நாற்கரத்துக்கு அடிக்கல் போட்டதே 1999-லதான். அதுக்கு முன்னாடி 80-ல போக ஆசைப்பட்டாலும் எங்க போறது?

இப்ப கணக்குக்கு வருவோம். (கணக்குன்னா ஓடிடாதீங்க, பெருக்கல் வகுத்தல் மட்டும்தான்!)

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில இந்த ஆக்சிலுக்கெல்லாம் பேரு கிடையாது, பல்லுதான் பேரு. "41-க்கு 7", "41-க்கு 6". 41-ஐ 7-ஆல வகுத்தா 5.86. அதாவது ஜாயிண்ட் ஷாப்ட் 5.86 சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து. 9.00-20 டயர் ஒரு சுத்துக்குச் சுமார் 3.1 மீட்டர் உருளும். எஞ்சின் நிமிஷத்துக்கு 2400 சுத்து, டாப் கியர் நேர் கியர்னு வச்சுக்கிட்டா:

41-க்கு 7: மணிக்கு 76 கி.மீ.
41-க்கு 6: மணிக்கு 65 கி.மீ.
ஒரு பேச்சுக்கு 39-க்கு 8: மணிக்கு 92 கி.மீ.

நண்பருக்குக் கடைசி வரி பிடிச்சிருக்கு. சரி, அதுக்கு என்ன விலை?

முதல் கியர் 7-க்கு 1-னு வைங்க. 41-க்கு 7 கிரவுன்ல சக்கரத்துக்குப் போற பெருக்கம் 41 மடங்கு. 39-க்கு 8-ல 34 மடங்குதான். ஆறுல ஒரு பங்கு இழுவை காணாமப் போச்சு. "நம்ம ஊரு தட்டையான ஊருதானே, கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவா இருக்கு?"ன்னு கேட்கலாம். அங்கதான் விஷயம். 1836-ல கீழணை கட்டினதுலேர்ந்து நம்ம பக்கம் எல்லாமே வாய்க்காலும் கரையும்தான். வயல் கீழே, ரோடு கரை மேலே. கரும்பு ஏத்தின லாரி ஈர வயல்லேர்ந்து கரை ஏறுற அந்த நாலு மீட்டர்தான் எங்க ஊர் மலை. அதுல முதல் கியர் தோத்தா கிளட்ச் பிளேட் கருகும். சேத்தியாத்தோப்பு ஆலைக்குக் கரும்பு ஓட்டினவங்களைக் கேட்டா கதை கதையா சொல்லுவாங்க.

அப்ப கிரவுனை விட்டுட்டு, ஓவர் டிரைவ் உள்ள ஆறு கியர் பாக்ஸ் மட்டும் போட்டா? முதல் கியர் இழுவை போகாது. டாப்ல 0.8-னு இருந்தா வேகம் 95 வரும். ஆனா எஞ்சின் 2400 சுத்தும்போது ஜாயிண்ட் ஷாப்ட் 3000 சுத்தும். பழைய ஷாப்ட், பழைய கிராஸ், நடு பேரிங்... பேலன்ஸ் கொஞ்சம் தப்பினாலும் கேபின் முழுக்க அதிரும். பாக்ஸோட நீளம் மாறினா ஷாப்டை வெட்டி ஒட்டணும், கிராஸ் மெம்பரை நகர்த்தணும்.

எந்த வழியில போனாலும் முட்டுற சுவர் பிரேக்தான். வேகம் 76-லேர்ந்து 92 ஆனா, நிறுத்த வேண்டிய சக்தி ஒன்றரை மடங்கு கிட்ட ஆகுது (வேகத்தோட வர்க்கம்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அதேதான்). அந்த டிரம் பிரேக்கை வடிவமைச்சவங்க, கிரவுன் எவ்வளவு வேகம் விடும்னு தெரிஞ்சுதான் வடிவமைச்சாங்க. பல்லுதான் அந்த வண்டிக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி! 2018 விதிப்படி நாலு வழிச் சாலையிலேயே சரக்கு வண்டிக்கு 80-தான், மத்த ரோட்ல 60. பழைய கிரவுனே 76 தருதே. இன்னும் எதுக்குங்க?

மாத்தணுமேன்னா என் யோசனை இதுதான். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான்னா எதையும் தொடாதீங்க. நெடுஞ்சாலையில சும்மா வண்டியா ஓட்டணும்னா, 41-க்கு 6 இருக்கிற வண்டிக்கு 41-க்கு 7 போடுங்க. அதே ஹவுசிங், அதே காலத்துப் பல்லு, பத்து கிலோமீட்டர் வேகம் கூடும். அதுக்கு மேல வேணும்னா முதல்ல பிரேக்கை மாத்துங்க, அப்புறம் கியரைப் பேசலாம்.

இன்னொண்ணு. கிரவுனும் பினியனும் ஒண்ணோட ஒண்ணு தேய்ச்சுப் பொருத்தின ஜோடி. ஒண்ணை மட்டும் மாத்தினா ஊளையிடும், சீக்கிரம் பல்லு போகும். அதனால கழட்டினதைப் பழைய இரும்புக்காரர்கிட்ட எடைக்குப் போடாதீங்க. கிரீஸ் தடவி, சாக்குல சுத்தி, ரெண்டையும் சேர்த்தே வைங்க. பல்லை எண்ணி ஒரு சீட்டுல எழுதி அதோடயே கட்டி வைங்க.

பாடியைப் படம் பார்த்து மறுபடி கட்டிடலாம். பெயிண்ட்டை எப்ப வேணா அடிக்கலாம். அந்த வண்டி எந்த ரோட்டுக்காகப் பிறந்ததுங்கிறதைச் சொல்ல, அந்த ஜோடி ஒண்ணுதான் மிச்சம்.